அடிவார்

வலது கட்டைவிரல் மூட்டு காலையிலிருந்து விண்விண்ணென்று தெறித்தது. ஆர்ச்சி பல்லைக் கடித்துக்கொண்டு தடித்த தோலில் கத்தியை இழுத்தார். வாரின் ஒரு நுனியை இரண்டாகப் பிளந்தார். ஸ்காட்லாந்தில், ஃபைஃப் வட்டாரத்தின் அந்தச் சுரங்க ஊரில் சேணம் வாங்க ஆளில்லை. பிள்ளைகளின் உள்ளங்கையில் அடிக்கப் பள்ளிக்கூடங்கள் வாங்கும் வார்தான் பட்டறையை ஓட்டியது.

"மக வீட்லதான் கெடக்காளாமே?" என்றான் பக்கத்து மேசை டகல்.

"பாடத்துல சிரிச்சாளாம். ரெண்டு அடின்னாங்க. கையை நீட்ட மாட்டேன்னுட்டா."

"உன் சரக்கை உன் மகளே வேண்டாம்னுட்டா. விவரமான பொண்ணுய்யா!"

ஆர்ச்சி சிரிக்கவில்லை. மதிய இடைவேளையில் பட்டறை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

தலைமையாசிரியர் ஹால்டேன் ஆட்டிறைச்சி அடைத்த அப்பம் தின்றுகொண்டிருந்தார். உதட்டோரம் கொழுப்பு உறைந்திருந்தது.

"என் மக எல்ஸ்பெத்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போகணும் சார். மே மாசம் பரீட்சை எழுதியாகணும்."

"வரட்டும். ரெண்டு வாங்கிக்கிட்டு வகுப்புல போய் உட்காரட்டும். வாங்காம பள்ளிக்கூடமும் இல்ல, பரீட்சையும் இல்ல."

"பெத்தவங்க அடிக்க வேண்டாம்னா அதை மதிக்கணும்னு ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கற ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டு சொல்லிருச்சே சார்."

"கோர்ட்டு அங்க இருக்கு. பள்ளிக்கூடத்தை நடத்துற கவுன்சில்லேர்ந்து எனக்கு ஒரு வரி வரல." ஹால்டேன் விரலை நக்கினார். "ஊர்ப் பிள்ளைங்க வாங்கலாம், உன் மக மட்டும் வாங்கக் கூடாதாப்பா?"

ஹால்டேன் கோட்டுக்கு உள்ளே, தோளில் தொங்கிய வாரை உருவி நீட்டினார்.

"வந்ததுதான் வந்தே, நுனி சுருண்டிருக்கு பாரு. சரிபண்ணிக் குடு."

பழுது பார்க்க எந்த வாத்தியார் நீட்டினாலும் கை தானாகப் போய் வாங்கும்; இத்தனை வருஷப் பழக்கம். தெருவுக்கு வந்த பிறகுதான் அது கையில் இருப்பதே உறைத்தது. வார் ஹால்டேனின் உடம்புச் சூட்டோடு இருந்தது. பிள்ளைகளின் கைவேர்வை ஏறி நுனி கறுத்துப் பிசுபிசுத்தது. மேலங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

சாயங்காலம் அடுப்படிக்குள் நுழைந்தபோது எல்ஸ்பெத்தின் கண் வார் நுனி நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பையில் நின்றது. இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுவரோரம் பின்வாங்கினாள்.

"உங்களையே அடிக்கச் சொல்லிட்டாராப்பா?"

"இல்லடி... ரிப்பேருக்குக் குடுத்தாரு."

மறுநாள் நுனியைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தித் திருப்பி அனுப்பினார்.

எல்ஸ்பெத் கையை நீட்டவில்லை. அவள் இல்லாமலே மே மாதப் பரீட்சை நடந்து முடிந்தது. ஜூனில் பட்டறையில் சரக்குக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள்.

புது வார் வாங்க ஹால்டேனே வந்தார். அவள் அதைப் பழுப்புத்தாளில் சுற்றி, சணல் போட்டு இறுக்கிக் கொடுத்தாள். பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டவர் வாசலில் திரும்பிச் சிரித்தார்.

"என்ன பொண்ணே, மறந்துட்டியா? இன்னும் ரெண்டு அடி பாக்கி."