நாலு கிளுவைக் குச்சிகள்

ஓய்வுபெற்ற நர்ஸ் ரேணுகாதேவி படுத்திருந்த கூடாரம், 2023-ஆம் ஆண்டு ஜனவரி இருபத்திரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, ஜவ்வாது மலையில் தரையிலிருந்து நாலடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. அதன் நாலு மூலையிலும் அடித்திருந்த கிளுவைக் குச்சிகள் இரவோடு இரவாக வேர்விட்டுத் துளிர்த்து, கூடாரத்தையும் உள்ளே இருந்தவரையும் அலுங்காமல் தூக்கிக்கொண்டு வளர்ந்திருந்தன. அன்று பனி அதிகம், காற்று இல்லை. அறுப்பு முடிந்த சாமைக் கொல்லைகளில் தாள் மட்டும் நின்றது.

முதலில் பார்த்தவள், அந்த மலைநடைக் குழுவை வழிகாட்டி அழைத்துப்போன நீலாவதி. கையிலிருந்த டீப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கூடாரத்தைப் பார்க்காமல் குச்சிகளின் அடியைத்தான் குனிந்து பார்த்தாள். பார்த்ததும், தப்பு தன்னுடையது என்று தெரிந்துவிட்டது. மலையில் வேலிக்குக் கிளுவை நட்டால் அடிப்பக்கம் மண்ணில் இருக்கும், நுனி வானம் பார்க்கும். நாலு மழைக்குள் பிடித்துக்கொள்ளும். ஆடு கட்டவோ படுதா இழுத்துக் கட்டவோ அடிக்கிற குச்சி என்றால் தலைகீழாக, நுனியை மண்ணில் இறக்கி அடிப்பார்கள். தலைகீழாக அடித்த குச்சி மரமாவதில்லை. சோற்றுக்கை எது என்று தெரிவதற்கு முன்பே அங்கே பிள்ளைகளுக்கு இது தெரியும். நீலாவதி பொங்கலுக்கு முந்தின ஒன்பது நாளும் தன் கொல்லைக்கு வேலி கட்டியிருந்தாள். நடையின் முதல் ராத்திரி பார்த்துப் பார்த்துத் தலைகீழாக அடித்த கை, வேலிப் பழக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நாலையும் நேராகவே அடித்துவிட்டிருந்தது. ஆனால் தை மாதத்துக் கிளுவை மொட்டையாக நிற்கும், இலை விடாது. அதிலும் ஒரே ராத்திரியில் நாலடி வளர்ந்ததாக அதுவரை யாரும் சொன்னதில்லை.

குச்சி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். செங்கத்தில் மலைநடைக் கம்பெனி நடத்தும் ரஞ்சித், மூன்று இரவும் நாலு பகலுமான அந்த நடைக்கு மூன்று கூடாரங்கள் கொண்டுவந்தான். அதில் ஒரு கூடாரத்தின் ஆணிப்பையை வீட்டுச் சோபாவிலேயே விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை காலை நீலாவதியின் வாசலில் அது தெரிந்தபோது, வேலிச் சந்து ஒன்றை அடைக்க வெட்டி வைத்திருந்த குச்சிகளில் நாலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடி. இரண்டு முனையும் சாய்வெட்டு.

மலையடிச் செக்போஸ்டில் ஒரு நோட்டு உண்டு. மேலே போகும் ஆள், சாமான் எல்லாம் அதில் ஏறும்; திரும்பும்போது ஒவ்வொன்றாக டிக் அடிக்கப்படும். காட்டில் எதையும் விட்டு வரக்கூடாது, காட்டிலிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது என்பது சட்டம். பத்தொன்பது வருஷமாக அங்கே வழிமறிக்கும் கம்பத்தைத் தூக்கி இறக்கி வரும் காவலர் பூபாலன், எதையும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதைவிட எழுதிவிடுவது சுலபம் என்று நினைப்பவர். ஆட்கள் ஆறு, கூடாரம் மூன்று, குக்கர் ஒன்று, அதன் விசில் ஒன்று, கிளுவைக் குச்சி நாலு என்று அன்றும் எழுதிக்கொண்டார். விசிலைத் தனியாக எழுதியதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் ஒரு குக்கர் விசிலை மலையில் தொலைத்துவிட்டு வந்த வழிகாட்டிக்கு, வனத்துறை கொடுத்த அனுமதி அட்டையே போய்விட்டது. நீலாவதி இரண்டு வருஷம் மனு எழுதி அந்த அட்டையை வாங்கியிருந்தாள். ஒன்பது வழிகாட்டிகளில் அவள் ஒருத்திதான் பெண். மாடு மேய்க்கப் போகும்போதும் அட்டை கழுத்தில் தொங்கும். திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் நோட்டில் உள்ளபடி எல்லாம் கீழே வந்து சேராவிட்டால், அதைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ரேணுகாதேவியைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும். வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தாறு வருஷம் நைட் டூட்டி பார்த்தவர். ஓய்வுபெற்று மூன்று வருஷமாகியும் தூக்கம் வரவில்லை. மணிக்கொரு தரம் எழுந்து வீட்டைச் சுற்றி வருவார், இல்லாத சலைன் பாட்டிலை அண்ணாந்து பார்ப்பார், தூங்குகிற மகள் காவியாவின் கையைப் பிடித்து நாடி எண்ணிவிட்டு வைப்பார். நாலு நாள் நடந்தால் அசதியிலாவது தூங்குவார் என்று காவியாதான் கூட்டிவந்தாள். முதல் ராத்திரி அது நடக்கவில்லை. கூட நடக்க வந்திருந்த உரக்கடை மோகனுக்கும் அவர் மனைவி சசிகலாவுக்கும் போர்வை இழுத்துவிட்டு, ரஞ்சித்தின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, விடியும்வரை ரவுண்ட்ஸ் போனார். காலையில் மோகனிடம், "ரொம்ப கொறட்ட வுட்றீங்க தம்பி. கீழ எறங்கின ஒடனே பிபி பாத்துடுங்க" என்றார். சசிகலா, "நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேங்க. அவருக்கு வெள்ள டிரஸ் போட்டவங்க சொன்னாதான் காதுல ஏறும்" என்றாள். ரேணுகாதேவி அப்போது போட்டிருந்தது பச்சை ஸ்வெட்டர்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓடைக்கு மேல் இருந்த சரிவில் நீலாவதி குச்சி அடிக்கும்போது, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

"இன்னா சிஸ்டரம்மா, நேத்து கண்ணே மூடலியாமே?"

"மூடினா யாரோ கூப்புட்ற மாதிரியே இருக்கும்மா. எழுந்து போய்ப் பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க. அதுக்கோசரம் போகாமலும் இருக்க முடியல."

நீலாவதி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த குச்சியை எடுத்தாள். அந்த நேரத்தில்தான் கை தன்பாட்டுக்கு நாலையும் நேராக அடித்து முடித்தது. ரேணுகாதேவி ஏழு மணிக்குக் கூடாரத்துக்குள் போனார். ரவுண்ட்ஸுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரஞ்சித் கூடாரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, முதலில் போன் எடுத்துப் படம் பிடித்தான். அப்புறம்தான் பயந்தான். காவியா ஒரு பாறையில் ஏறி வலைச் சன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். வலையைத் திறந்து கை நீட்டி நாடி எண்ணினாள், அறுபத்திரண்டு. "அம்மா" என்று கூப்பிட்டாள். "மூணாம் நம்பர் பெட்டுக்கு நான் குடுத்துட்டேன் சிஸ்டர்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ரேணுகாதேவி மறுபக்கம் திரும்பிப் படுத்தார். மரங்கள் நாலும் ஒரு தரம் அசைந்து நின்றன. பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். பார்க்கவேண்டிய அருவியை யாரும் பார்க்கவில்லை, அதற்காக யாரும் முகம் சுளிக்கவுமில்லை. மோகன் உரக்கடை அனுபவத்தில், இப்படி வளர வைக்கும் சரக்கு எந்தக் கம்பெனியிலும் இல்லை என்று உறுதியாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை உயரம் ஒன்பதடி. கிளுவை முள்ளும் விட்டிருந்தது.

ஐந்து மணிக் கெடுவுக்கு ஒன்பது மணி நேரம் இருந்தது. நீலாவதி கத்தியை எடுத்தாள். அடிமரத்தில் பட்டை கீறும் அளவுக்குத்தான் ஒரு வெட்டு போட்டாள். மேலே ரேணுகாதேவி அடிபட்டவர்போல முனகினார், கண் பாதி திறந்தது. காவியா ஓடிவந்து நீலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாதக்கா. எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல. சத்தியமா பாத்ததே இல்லக்கா."

"வெட்டலன்னா எங்கழுத்துல இருக்கறத அறுத்துடுவாங்களே பாப்பா."

"தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டுக் காவியா கையை எடுத்துவிட்டாள். கெஞ்சிக்கொண்டே இருந்திருந்தால் நீலாவதி ஒருவேளை வெட்டியிருப்பாள். கையை எடுத்துவிட்டதால் வெட்ட முடியவில்லை. கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள். மரத்தைச் சுற்றி இரண்டு நடை நடந்தாள். பிறகு, பறிக்கப் பதமான நாற்றைப் பார்த்து ஒரு விவசாயி சொல்வதுபோல, "மூணு நாள் வேருதான். சுத்திக் கொத்தினா மண்ணோட வரும்" என்றாள்.

சமையல் கரண்டி, கத்தி, கை என்று கிடைத்ததை வைத்து நாலு மரத்தையும் வேரோடும் தாய்மண்ணோடும் எடுத்தார்கள். வேர்க்கட்டை ஈரத் துண்டில் சுற்றினார்கள். நீலாவதி, ரஞ்சித், மோகன், காவியா ஆளுக்கொரு மரத்தைத் தோளோடு அணைத்துத் தூக்கினார்கள். சசிகலா சாமான் மூட்டைகளோடு முன்னே போய், குறுக்கே வந்த கிளைகளை விலக்கிவிட்டாள். நாலு மரமும் கூடாரமும் ரேணுகாதேவியும் சேர்ந்து நாலு குடம் தண்ணீர்ப் பாரம்தான் இருந்தது. தூங்கினவர் இறக்கத்திலும் கண் திறக்கவில்லை. வழியில் ஒரு ஊர் குறுக்கிட்டது. மேலே துணியும் இலையுமாக ஆடி வருவதைப் பார்த்துச் சாமி ஊர்வலம் என்று நினைத்து, ஒரு பெண் மஞ்சத்தண்ணி கொண்டுவந்து நாலு பேர் காலிலும் ஊற்றினாள்.

"சாமி இல்லீங்க, நர்சம்மா. தூங்கறாங்க" என்றாள் சசிகலா.

"நர்சா? கெணத்து வூட்டுப் பாப்பாவுக்கு மூணு நாளா ஜொரம் வுடல. செத்த எறக்கிக் காட்டிட்டுப் போங்களேன்."

சசிகலா வாயில் விரல் வைத்து, ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, வாய் திறக்காமலே ஊரைக் கடத்திவிட்டாள்.

செக்போஸ்டை அடைந்தபோது மணி நாலு நாற்பது. பூபாலன் கம்பத்தைத் தூக்கப்போனவர் தூக்காமல் நின்றார்.

"இன்னாம்மா இது?"

"கூடாரம் சார்."

"கூடாரம் தெரியுது. அது எது மேல நிக்குது?"

"குச்சி மேல சார்."

"இதுக்குப் பேரு குச்சியா? காட்டு மரத்தப் புடுங்கினு வந்து குச்சின்ற?"

"காட்டு மரம் இல்ல சார், எங்க வேலிக் கிளுவ. போம்போது குச்சியா இருந்துது. நீங்கதான எழுதினீங்க."

பூபாலன் நோட்டைத் திறந்தார். பொருள், கிளுவைக் குச்சி. எண்ணிக்கை, நாலு. அவர் கையெழுத்துதான். உயரத்துக்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை. முன் பக்கம், பின் பக்கம், அட்டையில் ஒட்டியிருந்த விதிமுறைகள் எல்லாம் பார்த்தார், எங்கேயும் இல்லை. நாலு மரத்தையும் விரலால் தொட்டு எண்ணி, நாலு டிக் அடித்தார். விசிலை வாங்கிப் பார்த்து ஒரு டிக். ஆட்கள் ஐந்து. ஆறாவது ஆளின் முகத்தைப் பார்க்காமல் அவரால் டிக் போட முடியாது. ஏணி கொண்டுவரச் சொல்லி, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். மேலே ரொம்ப நேரம் நின்றார். ராத்திரி லாரிக்கெல்லாம் கம்பம் தூக்கிவிட்டுப் பகலில் தூங்கப் பார்க்கிற மனிதர் அவர். இறங்கி வந்தபோது அவர் குரல் பாதியாகியிருந்தது. 'ஆறு பேர். ஒருவர் தூக்கத்தில்' என்று எழுதி, "மெதுவா போங்க. அந்த வளைவுல குழி கீது" என்று கிசுகிசுத்துவிட்டு, கம்பத்தைக் கடைசிவரை தூக்கிப் பிடித்தார். மணி நாலு ஐம்பத்தேழு.

மரங்களை நீலாவதி தன் வேலியில், அடைக்காமல் கிடந்த சந்தில் நட்டாள். சரியாக நாலு பிடித்தது. அவள் புருஷன் வெற்றிவேல் ஏணி சாத்திவைத்தான். காவியா காலையிலும் மாலையிலும் ஏறி அம்மாவின் முகத்தைத் துடைத்து, உதட்டை நனைத்து, நாடி எண்ணிவிட்டு இறங்கினாள். பதினோரு நாள் தூங்கியும் ரேணுகாதேவி இளைக்கவில்லை. பிப்ரவரி ஒன்றாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணிக்கு வலைச் சன்னலைத் திறந்து கீழே பார்த்து, "ஏதோ கெணத்து வூட்டுப் பாப்பாவுக்கு ஜொரம்னாங்களே, இன்னா ஆச்சு?" என்று கேட்டார். அது அன்றைக்கே நல்லாகி ஓடுகிறது என்று நீலாவதி சொன்னாள். "அப்ப சரி" என்று ரேணுகாதேவி இறங்கி வந்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்தார். யாரும் கூப்பிடுவது போல இல்லை என்றார். அதற்கப்புறமும் இருந்ததில்லை.

கூடாரம் இன்னும் அந்த வேலி மேல்தான் இருக்கிறது. இப்போது இருபத்தோரு அடி. ரஞ்சித் முதல் வருஷம் அதைக் கேட்டுப் பார்த்தான், இரண்டாம் வருஷம் கேட்கவில்லை. அவன் கம்பெனிப் படிவத்தில் சைவமா அசைவமா என்ற கேள்விக்குக் கீழே, குச்சி நேராகவா தலைகீழாகவா என்று ஒரு கேள்வி சேர்ந்தது. ஒரு நடைக்கு ஒருவருக்குத்தான் நீலாவதி நேராக அடிப்பாள். கைக்குழந்தைக்காரிகளுக்கு முதல் உரிமை. செக்போஸ்டில் புது நோட்டு அடித்து வந்தது. அதில் போகும்போது உயரம், வரும்போது உயரம் என்று இரண்டு கட்டம் கூடுதல். பூபாலன் டேப் பிடித்து அளந்து, பிசகில்லாமல் எழுதிவந்தார்.

போன தை மாதத்துப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வேறு. அன்று காவலில் இருந்தவர் சக்திவேல் என்ற புதுக் காவலர். பூபாலன் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, லுங்கியும் மப்ளருமாக நீலாவதியின் வாசலில் வந்து நின்று, "எனக்கு நேராவே அடிச்சுடும்மா" என்று சொல்லியிருந்தார். நாலாம் நாள் சாயங்காலம் சக்திவேல் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி எழுதினார்: கிளுவைக் குச்சி நாலு. போகும்போது ஒன்றேகால் அடி, வரும்போது பதினாலு. ஆட்கள் ஏழு. தூக்கத்தில், பூபாலன்.

எழுதி முடித்து, சத்தம் வராமல் கம்பத்தைத் தூக்கினார்.