அவனா, நாங்களா

“ஹிம் இல்ல மாமா, ஹி. செஞ்சவன்னா ஹி. அவனுக்கு ஏதாவது நடந்தாத்தான் ஹிம்.”

“அப்ப கொக்கு ஹிம்தானே? அவனுக்குத்தானே நடந்துச்சு?”

அவளுடைய அக்காவின் கணவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே சந்தேகம் கேட்கிற முகத்தோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கொக்கு என்பது அவரோடு வேலை செய்கிறவனின் பட்டப்பெயர். அவர் சட்டையிலிருந்து வெந்த துணியின் வாடை வந்தது. அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். தவறைத் திருத்திவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகத்தான் பழகியிருந்தாள்.

“முழுசாச் சொல்லுங்க.”

“வி டைட் தி பார். ஐ டிட் நாட் ஸீ.”

“மறுபடியும் வி. ஹி மாமா, ஹி!”

சூப்பர்வைசர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே வாக்கியங்கள்: அவன் கம்பியைக் கட்டினான், நான் பார்க்கவில்லை. நாளை காலை கம்பெனியின் பெரிய ஆட்கள் விபத்தைப் பற்றி வீடியோவில் விசாரிப்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். கொக்கு தன்னிச்சையாகச் செய்த தப்பு என்று முடிவானால் அவனுக்கு நஷ்டஈடு கிடையாது. மாமா வேறு விதமாகச் சொன்னால் மாமாவுக்கு வேலை கிடையாது.

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைச் சலவை செய்கிற இடம். ஈர விரிப்பின் ஒரு முனையை மாமாவும் மறுமுனையைக் கொக்கும் பிடித்துச் சூடான உருளைக்குள் செலுத்துவார்கள். உருளைக்கு முன்னால் ஒரு பாதுகாப்புக் கம்பி. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். விரிப்பு உப்பிக்கொண்டு பட்டாலும் நின்றுவிடும். அப்படி நின்று நின்று ஓடினால் வேலை முடியாது. அதனால் கிழிந்த விரிப்பின் நாடாவால் கம்பியைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிடுவது எல்லா ஷிப்டிலும் வழக்கம். சரியாக அந்த நேரத்தில் சூப்பர்வைசருக்குத் தேநீர் குடிக்கத் தோன்றும்.

“இந்த வி-ன்னா நாங்களா, நாமளா?” என்று கேட்டார் மாமா.

“இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்ப சூப்பர்வைசரும் உள்ள வந்துருவாரே. அதான் அந்தாளு ஹி-யைப் பிடிச்சுத் தொங்குறாரு.”

சமையலறையில் அக்கா சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்கும் சேர்த்து ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். “சூப்பர்வைசர் சொன்னதை மட்டும் இவரைச் சொல்லச் சொல்லுடி. தியாகி வேஷம் எல்லாம் நம்ம வீட்டுக்குத் தாங்காது.”

நம்ம வீடு. தானும் அந்த வீட்டுச் சோற்றைத்தான் தின்கிறோம் என்பதைத் தங்கைக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

“அந்தக் கம்பி ஸ்பிரிங்ல நிக்குது,” என்று மாமா காற்றில் எதையோ இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். “ஒருத்தன் இப்படிப் பிடிச்சாத்தான் இன்னொருத்தன் முடிச்சுப் போட முடியும். தனியா முடியாது.”

பிடித்தவர் இவர்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாயங்காலம் முழுக்க எதைத் தவறென்று திருத்திக்கொண்டிருந்தோம் என்பதும்.

“கொக்கு அண்ணன் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் கேக்கல. ஆஸ்பத்திரியில கட்டு போட்ட கையை நெஞ்சு மேல வச்சுப் படுத்திருந்தான். மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணுமில்ல. மெத்தையில இருந்த விரிப்பைக் காட்டி, ‘மூலையைப் பார்த்தியா, இது நாம தேச்சதுடா’ன்னான். அவ்வளவுதான்.”

மாமா கைகளை மடியில் போட்டுக்கொண்டார். பிறகு, அடுத்த அறைக்குக் கேட்காதபடி குனிந்து பேசினார்.

“இங்கிலீஷ் வரலன்னா யாரையாவது கூட்டிட்டு வரலாமாம். நீ வா. நான் தமிழ்லயே சொல்லிடுறேன். ‘கம்பியைக் கட்டியாச்சு’ன்னு மட்டும் சொல்றேன், யாருன்னு சொல்லல.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

“இங்கிலீஷ்ல யாராவது ஒருத்தர் வேணும்ல? ஹியோ வியோ, அதை மட்டும் நீ போட்டுச் சொல்லிடுறியா?”