ராம்போ படுத்த இடம்

என் வேலை நாயைக் கொல்வது. சிரிக்காதீர்கள், மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. வீடியோ கேம் கம்பெனியில் டெஸ்டர். அயர்லாந்துப் புராணத்தில் செட்டாண்டா என்று ஒரு வீரப் பொடியன். ஒரு கொல்லனின் காவல் நாய் அவன்மேல் பாய, ஹாக்கி மட்டை மாதிரி ஒன்றால் அடித்தே கொன்றுவிடுகிறான். அந்த ஒரு கட்டத்தை நாளுக்கு இருநூறு தடவை ஆடித் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். முன்கால் தாழும், வாய் திறக்கும், பாயும், அடி. மூன்று வாரமாக இதே பிழைப்பு. அடுத்த கட்டத்தில் அடிதடி கிடையாது. வேறு குட்டி வளரும்வரை உன் வாசலுக்கு நானே நாய் என்று பையன் கொல்லனிடம் சொல்வான். நான் பட்டனைத் தட்டித் தாண்டிவிடுவேன்.

ஞாயிறு சாயங்காலம் ஹாக்கி ஆடிவிட்டு, மட்டையோடு லிங்கராஜபுரம் திரும்பினேன். பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் ஆன்ட்டியின் நாய் ராம்போ, தினமும்போல என் நெஞ்சில் கால் வைக்க ஓடி வந்தது. முன்கால் தாழ்ந்தது. வாய் திறந்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. மண்டை உடையும் சத்தம் கம்ப்யூட்டரில் கேட்பதுபோல இல்லை, ஈரமாக இருந்தது. வாலை ஆட்டிக்கொண்டே செத்தது. பாவி நான்.

ஆன்ட்டி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கேட்டைப் பிடித்தபடி, "இனி அவன் வருவான்பா," என்றார். அவன் என்றால் புருஷன் மைக்கேல்ராஜ். குடித்துவிட்டு வந்து ஆன்ட்டியின் கையை இரண்டு முறை ஒடித்தவன். ராம்போ அவன் தொடையைக் குதறிய பிறகுதான் இரண்டு வருஷமாக இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

"நான் இருக்கேன் ஆன்ட்டி."

"நீ என்ன நாயா?"

புதன்கிழமை சாயங்காலம் வந்தான், கையில் இரும்புக் கம்பி. நான் ஆன்ட்டி வீட்டு கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். மட்டையை ராம்போவோடு சேர்த்துப் புதைத்தாகிவிட்டது.

"நாய அடிச்ச ஆளு நீதானே லாயிட்? தேங்க்ஸ்டா. சும்னே, பேசாம தள்ளிப் போ."

"முடியாது அங்கிள்."

முதல் அடியில் இடது கை முறிந்தது. அடுத்தது முதுகில். மூன்றாவதுக்கு ஓங்கிய கையை எட்டிப் பிடித்து, வேறு வழி தெரியாமல் கடித்தேன். சதை பல்லுக்குள் வந்தது. அலறிக்கொண்டே என் தலையைச் சுவரில் மோதினான், நான் விடவில்லை. கம்பி கீழே விழுந்தது. பிய்த்துக்கொண்டு ஓடினான்.

"வர்றேன்டா! மறுபடி வர்றேன்!"

ஆன்ட்டி ஈரத்துணியோடு ஓடிவந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திருப்பா."

"நீங்க முதல்ல உள்ள போய்க் கதவப் பூட்டுங்க."

கேட்டோரம் ராம்போ படுத்துப் படுத்துக் குழிந்த மண்ணில் சரிந்தேன். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. வாயெல்லாம் ரத்தம், அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை. தெருமுனையில் ஒரு பைக் வந்து நின்றது. நான் தலையைத் தூக்கினேன்.