பெற்றோல் கேட்ட கார்

"நான் அப்பவே சொன்னனான், நீர் உந்தப் பட்டினை வடிவாய் அமத்தேல்லை..."

"அமத்திறதுக்கு உதிலை வேறை என்ன கிடக்கு? விரலாலை..."

"விரலாலைதான். அதுக்காகக் கோலிங் பெல் அடிக்கிற மாதிரியே அமத்திறது?"

"அப்ப நீங்களே அமத்துங்கோவன்."

குகதாசன் பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பொத்தானை அழுத்தினார். கார் ஒருதரம் கீச்சிட்டது. பிறகு பேசாமல் இருந்தது. முன்னால் போட்டிருந்த மாலையில் இருந்து ஒரு செவ்வந்திப் பூ கழன்று பெற்றோல் அடிக்கும் செட்டின் சீமெந்துத் தரையில் விழுந்தது.

கார் மானிப்பாய் வீட்டுக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து இளைப்பாறிய உதயகலா, தன் பென்சன் காசில் தானே பார்த்து வாங்கிய சப்பான் கார். லைசென்ஸும் அவளிடம்தான் இருந்தது. குகதாசனுக்குச் சைக்கிளுக்கு அப்பால் ஒன்றும் ஓடத் தெரியாது. ஆனால் மனைவி ஓட, தான் பக்கத்தில் இருந்து போவதை ஊர் பார்க்கும் என்ற கூச்சம் அவருக்கு. அதனால் காலையில் கார்ப் பூசைக்குப் புறப்படும்போதே ஒரு பேச்சு முடித்திருந்தார். வீடு திரும்பும்வரை கார் எங்கேயும் நின்றுபோகக் கூடாது. நின்றால், நாளையிலிருந்து அக்காவின் மகன் செந்தூரன்தான் ஓடுவான். உதயகலாவுக்குப் பின் இருக்கை.

உதயகலாவும் ஓமென்றிருந்தாள். கோப்பாய்ப் பிள்ளையார் கோயிலில் சில்லுகளுக்கு அடியில் வைத்த நாலு தேசிக்காயையும் ஒரே சீராக நசித்துக்கொண்டு புறப்பட்டவள், இவ்வளவு தூரமும் ஒரு குறையும் இல்லாமல்தான் வந்தாள்.

"பெற்றோல் பிழையாக்கும்," என்றார் குகதாசன்.

"அரைவாசி கிடந்ததப்பா. அடிக்கச் சொன்னது ஆர்?"

"கார் கத்தினது. மஞ்சள் லைற்றும் மினுங்கினது. பெற்றோல் கேக்குது எண்டு நினைச்சன்."

"அது கேட்டது உங்களுக்கு மட்டும்தான் விளங்கினது. நீங்கள் சப்பானிலையே படிச்சனீங்கள்?"

பெற்றோல் அடித்த பிரசாந்தி கண்ணாடியில் மெல்லத் தட்டினாள். "அன்ரி, பின்னாலை ஆக்கள் நிக்கினம். ஒருக்கால் தள்ளி விடுவமே?"

பின்னால் நின்ற ஓட்டோக்காரர் வந்தார். குகதாசன் வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்று பேரும் தள்ளினார்கள். கியர் பூட்டுப்பட்டுக் கிடந்த கார் ஒரு அங்குலமும் அசையவில்லை.

"தண்ணி கலந்த பெற்றோலோ தெரியாது," என்றார் ஓட்டோக்காரர்.

"அண்ணை, இதே பம்பிலைதானே நீங்கள் காலமையும் அடிச்சுக்கொண்டு போனனீங்கள்? உங்கடை ஓட்டோ நீந்தியே வந்தது?" என்றாள் பிரசாந்தி.

குகதாசன் கைத்தொலைபேசியை எடுத்தார். முகத்தில் கவலையைக் காட்டப் பார்த்தார், சந்தோசம்தான் தெரிந்தது.

"ஆருக்கு எடுக்கிறியள்?"

"செந்தூரனுக்கு. பேச்சு பேச்சுத்தானே."

"அங்கிள், போனை அங்காலை கொண்டுபோய்க் கதையுங்கோ," என்றாள் பிரசாந்தி. அவர் வீதியோரம் போய், நாளையிலிருந்து நீதான் ஓடவேணும் என்று செந்தூரனிடம் சொல்லத் தொடங்கினார்.

உதயகலா தனியே இருந்து அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தாள். பக்கத்தில் சப்பான் எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். சாவியின் படம். கார்த் திறப்பு.

கதவைத் திறந்துகொண்டு நேரே வீதியோரம் போனாள்.

"இஞ்சேருங்கோ, கார்த் திறப்பு எங்கை?"

"காருக்கைதான் கிடக்கும். பட்டின் கார்தானே, திறப்பு என்னத்துக்கு?"

"அது கிட்ட இருந்தால்தான் பட்டின் வேலை செய்யும். ஐயர் தட்டிலை வைச்சு, பூசை செய்து, உங்கடை கையிலைதானே தந்தவர்?"

குகதாசன் சட்டைப்பையைத் தொட்டார். மடியைத் தொட்டார்.

"மூலஸ்தானத்துக்குப் போய் வந்த சாமானப்பா. அதைக் கொண்டுபோய் மடியிலை செருகிறதே? விபூதி சந்தனத்தோடை இலைக்குள்ளை வைச்சனான்," என்றார்.

"எந்த இலை?"

குகதாசன் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். உரும்பிராயில், செந்தூரனின் தாய் இராசமலர் அக்காவின் வீட்டுப் படலையடியில், இராகு காலம் தொடங்கப்போகிறது, எஞ்சினை நிப்பாட்டாதையும் என்று உதயகலாவை அவசரப்படுத்தி, கண்ணாடிக்குள்ளால் அவர் அக்காவிடம் நீட்டிய பிரசாதம் அந்த இலையில்தான் இருந்தது. கார் கத்தத் தொடங்கியதும் அந்தப் படலையில் இருந்துதான்.

போனுக்குள் செந்தூரன் அலோ, மாமா, அலோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இராசமலர் அக்காவின் குரல் கேட்டது.

"தம்பியே கதைக்கிறான்? பிரசாதத்துக்குள்ளை கறுப்பாய் ஒரு சாமான் பூச் சுத்திக் கிடக்கு, என்னெண்டு கேள். நான் சாமித்தட்டிலை வைச்சு விளக்கும் கொளுத்திப்போட்டன்."

உதயகலா போனை வாங்கினாள். "மச்சாள், கும்பிட்டு முடிஞ்சுதெண்டால் அதை ஒருக்கால் செந்தூரனிட்டைக் குடுத்துவிடுங்கோ."

கொஞ்ச நேரத்தில் செந்தூரன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அவன் கொடுத்த திறப்பில் சந்தனம் காய்ந்திருந்தது. கோயில் குங்குமத்துக்கு மேல் வீட்டுக் குங்குமமும் ஏறியிருந்தது. உதயகலா அதை மடியில் வைத்துக்கொண்டு, கோலிங் பெல் அடிப்பதுபோல ஒரு விரலால் பொத்தானை அழுத்தினாள். கார் உடனே உயிர் கொண்டது.

ஓட்டோக்காரர் கைதட்டினார். பிரசாந்தி வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பம்புக்குப் போனாள். குகதாசன் வேட்டியை அவிழ்த்துச் சரிசெய்து, சத்தமில்லாமல் வந்து பக்கத்து இருக்கையில் ஏறி, பெல்ற்றைப் போட்டார்.

செந்தூரன் கண்ணாடியடியில் குனிந்தான். "மாமா, நாளையிலையிருந்து நான்தான் ஓடவேணும் எண்டு சொன்னீங்கள். எத்தினை மணிக்கு வரட்டும்?"

குகதாசன் முன்னால் தொங்கிய மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உதயகலா காரை நகர்த்தாமல் காத்திருந்தாள்.

"சொல்லுங்கோவனப்பா, பெடியன் கேக்கிறான்."