ஒரு நாளைக்குத் தந்த மண்டபம்

எங்கள் மாடிவீட்டு லிப்டில் எட்டுப் பேர் நிற்கலாம். ஒரு ஆள் படுக்க இடமில்லை. படம் கீறிய எஞ்சினியருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும், தோட்டத்துச் சனமும் ஒருநாள் சாகும் என்று.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்தை, ஒட்டி ஒட்டிக் கிடந்த அந்த வரிசை வீடுகளை, இடித்துவிட்டு எங்களைப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஏற்றியபோது சிரித்துக்கொண்டுதான் ஏறினோம். பொய் சொல்லக் கூடாது. ஒரு பைப்புக்கு நாற்பது குடும்பம் அடிபட்டவர்கள் நாங்கள். இங்கே வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தது, கக்கூசுக்குக் கதவு இருந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தோம்.

பிறகு ஏழாம் மாடிக் கொன்ஸ்ரன்ரைன் செத்தார். படிக்கட்டு வளைவில் சவப்பெட்டி திரும்பவில்லை. லிப்டில் பெட்டியை நிமிர்த்தி வைத்து இறக்கினார்கள். கீழே வந்து நின்ற குலுக்கலில் உள்ளே மனுசன் சரிந்து பலகையில் இடிபட்ட சத்தம் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவருடைய மகள் ஷெரோமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் என் மனுசன் பிறெடி தேத்தண்ணியைத் தொடவில்லை.

"ஐறீன், என்னைப் படுக்கவைச்சுத்தான் கொண்டுபோகவேணும். முப்பத்தொரு வருசம் ஹாபரில நிண்டே வேலை செய்தனான். செத்தும் நிக்கேலாது."

"விசர்க் கதை கதையாதேங்கோ. குடியுங்கோ" என்றேன்.

வீடு தந்தபோது தந்த கடதாசியில் கீழ்மாடியில் ஒரு பொது மண்டபம் என்று போட்டிருக்கிறது. கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும். அந்த மண்டபத்தை நாங்கள் கண்ணாலும் கண்டதில்லை. நாங்கள் குடிவருவதற்கு முதலே கட்டடத்து மனேஜர் அதை ஒரு டைல் கொம்பனிக்குக் களஞ்சியமாக வாடகைக்கு விட்டுவிட்டார். நாங்கள் கட்டில் போட இடமில்லாமல் தரையில் படுக்க, சீனத்து டைலுக்கு ஒரு மண்டபம்.

பிறெடி சங்கம் தொடங்கினார். அவர் தலைவர். ஒன்பதாம் மாடிப் பலீல் பொருளாளர். நான் ஒரு கிளியரிங் ஒபிசில் கிளாக்காக இருந்தவள், மூன்று பாசையிலும் எழுதுவேன் என்று என்னைச் செயலாளராகப் போட்டார். மூன்று வருசம் எழுதினேன். எழுதாத காரியாலயம் இல்லை. "உங்களுக்கு வேற வேலையில்லையா, இந்த மண்டபத்தைக் கட்டிக்கொண்டு அழுறதுக்கு" என்று ஏசி ஏசித்தான் எழுதினேன். கடைசியில் வழக்கும் போட்டோம். மண்டபம் எங்களுடையது என்று தீர்ப்பு வந்துவிடும் என்று எங்கள் லோயர் உறுதியாகச் சொன்னார்.

ஒக்டோபர் மாதம், மருதானையில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் பிறெடிக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை.

வத்தளையிலிருந்து என் தங்கச்சி லவினா போனில் சொன்னாள். "அத்தானை மலர்ச்சாலையிலேயே வைச்சு, அங்கயிருந்தே அடக்கத்துக்கு எடுப்பம் அக்கா. எல்லாரும் இப்ப அப்பிடித்தானே."

"வீடு இருக்கிற மனுசனை நாதியில்லாத பிணம் மாதிரி அங்க விடச் சொல்றியா?" என்று போனை வைத்தேன். அவளுக்கென்ன, கேட் போட்ட வீடு. எங்கள் சனம் முந்நூறு பேர் மழைக்குள் இரண்டு பஸ் மாறிப் போய்ச் செபமாலை சொல்வார்களா?

வாகனத் தரிப்பிடத்தில் கொட்டகை போடலாம் என்றால் மூன்று நாள் மழை. தெருக்கான் பொங்கித் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது. மலர்ச்சாலை வான் பிறெடியோடு கேட்டடியில் வந்து நின்றுவிட்டது. வீட்டுக்கு ஏற்றுவதென்றால் நிமிர்த்தித்தான் ஏற்ற வேண்டும். நானும் பலீலும் மனேஜரிடம் போனோம்.

மனேஜர் எழும்பி நின்றார். மூன்று வருசத்தில் ஒருநாளும் எழும்பாதவர். கதிரை இழுத்துப் போட்டார். "அனே நோனா" என்று சிங்களத்தில் துக்கப்பட்டார். மண்டபத்தை ஒரு நாளைக்குத் தருகிறேன், கொம்பனியோடும் கதைத்துவிட்டேன் என்றார். கும்பிடத் தோன்றியது. பிறகு மேசையில் ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"பொடி அத்சனக், நோனா."

சின்னதாக ஒரு கையெழுத்தாம். ஏற்கெனவே டைப் பண்ணி வைத்திருந்தார். சிங்களத்தில் நாலு வரி. இந்த மண்டபம் குடியிருப்பாளர்களின் பொதுச்சொத்து அல்ல என்பதை ஏற்றுக்கொள்கிறோம். கொம்பனியின் குத்தகை முறையானது. எங்கள் வேண்டுகோளுக்கு இரங்கி ஒரு நாளைக்கு மட்டும் தரப்படுகிறது. கீழே, செயலாளர், குடியிருப்பாளர் சங்கம். பெண்சாதி என்று போடவில்லை. அவன் படித்தவன்.

எனக்கு விளங்காமல் வைத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். மூன்று வருசம் கடிதம் எழுதியவள் நான். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"போடவாணாம் அக்கா" என்று பலீல் மெதுவாகச் சொன்னார். "இதப் போட்டா கேஸ் முடிஞ்சி. லோயருக்கு ஒரு கோல் எடுத்துப் பாப்போம்."

"வெளியில வானில கிடக்கிறது உங்கட ஆளில்லை, பலீல்."

நான் கையெழுத்து வைத்தேன்.

டைல் பெட்டிகளைச் சுவரோரமாக அடுக்கியதிலும் பலீல்தான் முன்னுக்கு நின்றார். பெட்டிகள் தெரியாமல் வெள்ளைத் துணி கட்டினோம். பிறெடி நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். மனேஜர் மலர்வளையத்தோடு வந்து தலை குனிந்து நின்றார். நல்ல மனுசன், மண்டபத்தைத் திறந்து தந்தாரே என்று சனம் கதைத்தது எனக்குக் கேட்டது. நான் பிறெடியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முகமில்லை எனக்கு.

இரண்டு மாதம் கழித்து வழக்கில் மனேஜர் பக்கத்தால் அந்தத் தாள் வந்தது. லோயர் அதை என்னிடம் காட்டி, "இது உங்கட சிக்னேச்சரா மிஸிஸ்?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் பைலை மூடினார். சங்கமும் அதோடு சரி. ஒருத்தரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

மார்ச் மாதம் பலீலின் உம்மா அஸீஸா காலமானார். படுத்த படுக்கையாய்க் கிடந்த மனுசி. காலையில் மௌத்து, பின்னேர அஸர் தொழுகைக்கு முதல் அடக்க வேண்டும். கிடத்திக் குளிப்பாட்ட வீட்டில் இடமில்லை, மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி மேலே வராது. மூன்று மணித்தியாலத்துக்கு மண்டபம் கேட்டுப் பலீல் கீழே போனார். நானும் கூடப் போனேன். மனேஜர் எழும்பி நின்றார், துக்கப்பட்டார், மேசை லாச்சியை இழுத்தார். அதே நாலு வரி. பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. என் தாளைப் பார்த்துப் படிவமாகவே அடித்து அடுக்கி வைத்திருக்கிறான்.

பலீல் வாசித்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

வெளியில் வந்து நான் சொன்னேன், "கையெழுத்தை வையுங்கோ பலீல். வழக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. இனி என்ன போறதுக்கு இருக்கு?"

"பிறெடி அண்ணன்ட முகத்துக்கு என்னத்தச் செல்றது அக்கா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

முன் அறையிலேயே பெண்கள் குளிப்பாட்டினார்கள். தண்ணீர் கதவுக்குக் கீழால் வடிந்து கொரிடோர் முழுக்க ஓடியது. வெள்ளைக் கபன் துணி சுற்றிய உம்மாவை ஒரு தடித்த விரிப்பில் கிடத்தி, பலீலும் அவருடைய மச்சான் சப்ரியும் வேறு இரண்டு பேரும் நாலு மூலையிலும் பிடித்துப் படியால் இறக்கினார்கள். ஒன்பது மாடி. ஒவ்வொரு வளைவிலும் நின்று, மூச்சு வாங்கி, கையை மாற்றிப் பிடித்தார்கள். நான் பின்னால் இறங்கினேன்.

ஐந்தாம் மாடி வளைவில் சப்ரியின் கை வழுக்கியது. ஒரு மூலை சரிந்தது. பிடிக்கக் கையை நீட்டினேன்.

"வாணாம் அக்கா. நாங்க கொண்டு போறம்" என்றார் பலீல்.

அவர்களுடைய முறை அப்படியா, அல்லது கையெழுத்து வைத்த கை என்பதாலா, நான் கேட்கவில்லை. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தப் படியிலேயே நின்றேன். அவர்கள் அடுத்த வளைவில் இறங்கிவிட்டார்கள்.