ஏழாம் நம்பர் கல்

"சுந்தரேசா, அந்த வாளியைத் தொடாதே!"

பாகீரதி போட்ட சத்தத்தில் வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனன் அதற்குள் வாளியில் கையை விட்டிருந்தான். அவன் அண்ணா, அவள் புருஷர் மஹாதேவனை நேற்றுத்தான் தகனம் செய்தார்கள். இன்று முற்றத்தில் குழி தோண்டிவிட்டுக் காத்திருந்தார் வாஞ்சிநாத சாஸ்திரிகள். குழியில் ஊன்ற ஒரு கல் வேண்டும். போனவர் பத்து நாள் அதில் வந்து தங்கி எள்ளுத் தண்ணீர் வாங்கிக்கொள்வார்.

"பவானிபூர் முழுக்கச் சேறு மன்னி. கல்லுக்கு எங்கே போறது?"

வாஸ்தவம்தான். கல்கத்தாவில் கல் ஏது? மெட்ராஸிலிருந்து வருகிறவர்களை எல்லாரும் அப்பளம் கேட்பார்கள். அவள் வீட்டு மனுஷர் மட்டும் கல் கேட்பார்! ஞாயிற்றுக்கிழமை ஆனால் கானிங் ரயிலேறி, மாத்லா ஆற்று உப்புத் தண்ணீரில் அவற்றைக் கட்டித் தொங்கவிடுவார். சொரசொரப்புக் கல், வழவழப்புக் கல், வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, தண்ணீர் இழுப்பு அதிகமான இடத்தில் ஒன்று. படகடியில் ஒட்டுகிற சிப்பியின் குஞ்சு எந்தக் கல்லில் ஒட்டும்? ஆபீஸ் குமாஸ்தாவுக்கு வேண்டிய கவலைதான்.

"தன் ஜனம் இருக்கற இடமாப் பார்த்துத்தான் ஒட்டும், நம்மளை மாதிரி" என்பார்.

"நான் வந்தப்போ இந்தத் தெருவுல தமிழ் பேச ஒரு ஈ காக்கா இல்லை. பக்கத்து வீட்டு போஸ் அம்மா முதல் நாளே மீன் குழம்போட வந்து நின்னா. நான் ஒட்டலையா?" என்பாள் பாகீரதி.

ஒட்டும் என்று அவளும் ஒட்டாது என்று அவரும் பந்தயம் வைத்தார்கள். யாருமே ஒட்டாத புதுக் கல், ஏழாம் நம்பர், தனியாகத் தொங்கியது. தோற்றவர் ஒரு மாதம் பாகற்காய் சாப்பிட வேண்டும். அதைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். போன ஞாயிறு காய்ச்சலோடு கல்லைக் கொண்டுவந்து ஆற்றுத் தண்ணீரோடேயே வாளியில் போட்டு வைத்தார். "ஒண்ணும் ஒட்டலை. தோத்துட்டே" என்று சிரித்தார். அவளும் ஐந்து நாள் முகத்தைச் சுளிக்காமல் பாகற்காய் தின்றாள்.

"பதிமூணு கழிஞ்சதும் நம்ம கும்பகோணம் போயிடலாம் மன்னி. இங்கே உங்களுக்கு யார் இருக்கா?" என்றபடியே சுந்தரேசன் கல்லைத் தூக்கினான்.

அடிப்பக்கத்தில், நிழலான பக்கத்தில், பட்டாணி அளவில் ஒரே ஒரு சிப்பி.

பாகீரதி கல்லைப் பிடுங்கிப் பார்த்தாள். "அடப் பாவி மனுஷா! பாகற்காய்க்குப் பயந்து பொய் சொல்லிட்டுப் போயிட்டேளே!" சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாவு வீடாயிற்றே என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. நேற்று முழுக்க வராத அழுகை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கல்லைக் கொடுத்தாள். "இதையே ஊனுங்கோ. சிப்பி இருக்கற பக்கம் மேலே இருக்கட்டும். தண்ணி இந்த வாளியிலேர்ந்துதான் விடணும்."

"உப்புத் தண்ணியா? சாஸ்திரத்துல இல்லையேம்மா!" சாஸ்திரிகள் பதறினார்.

"கங்கை எங்கே போய்ச் சேர்றது?"

"சமுத்திரத்துல."

"அந்தத் தண்ணிதான் இது."

சாஸ்திரிகள் கல்லைக் குழியில் ஊன்றி மந்திரத்தை ஆரம்பித்தார். சுந்தரேசன் எள்ளும் தண்ணீருமாக விட்டான்.

"அப்போ ஊருக்கு?" என்றான் மெதுவாக.

"நீ போயிட்டு வா" என்றாள் பாகீரதி.

குழியில் தண்ணீர் நிரம்பிக் கல்லை மூடியது. கொஞ்ச நேரம் கழித்துச் சிப்பியின் வாய் திறந்தது. மயிரிழைச் சீப்பு போன்ற ஒன்று வெளியே வந்து, மிதந்த எள்ளுக்கு அடியில் துழாவத் தொடங்கியது.