குழி வரைக்கும்

சவப்பெட்டியைக் கட்டியிருந்த பட்டையை லைல் மறுபடியும் அவிழ்த்தான். அடியில் இன்னொரு கம்பளியை மடித்துச் செருகினான். பெட்டியின் மூலை லாரியின் தகட்டில் உரசிவிடக் கூடாதாம். தேவாலய வாசலில் நின்றிருந்த லவோன் கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பெட்டிக்குள் இருப்பவன் அவள் கணவன் வெர்லின். சுற்றி நின்ற அத்தனை ஆண்களின் கண்ணும் என்னவோ கம்பளி மேல்தான் இருந்தது.

“போதும் லைல். அவன் ஒண்ணும் உருண்டு விழுந்துட மாட்டான்” என்றாள்.

“அவனுக்காகப் பண்ணலை லவோன். வண்டிக்காக” என்றான் லைல். அவன் வெர்லினின் பழைய கூட்டாளி, பொய் சொல்லத் தெரியாத ஆள்.

மகள் ரோண்டா வந்து முழங்கையைப் பிடித்தாள். “கார்ல உக்காரும்மா. இவங்க இப்போதைக்குக் கெளம்ப மாட்டாங்க. இன்னும் டயரைத் தொடைக்கணும்.”

உண்மையிலேயே ஒருவன் குனிந்து டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மார்ச் மாதக் கடைசி. நெப்ராஸ்கா முழுவதும் பனி உருகிச் சேறாகிக் கிடக்கிற காலம். அரை மைல் போனால் மறுபடியும் சேறாகப்போகிற டயர்.

அந்த லாரியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வெர்லின் இருந்தபோதும் முடிந்ததில்லை. கத்தரிப்பூ நிறம். மூக்கே ஒரு கட்டில் நீளம் இருக்கும். கேபினுக்கு இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்து நிற்கிற பளபளத்த புகைக்குழாய்கள். தரையைத் தொட்டும் தொடாமலும் பம்பர். பக்கவாட்டில் வரிசையாக மஞ்சள் கண்ணாடி விளக்குகள். மாடு ஏற்றுகிற பெட்டியைப் பின்னாலிருந்து கழற்றிவிட்டால், கேபினுக்குப் பின்புறம் அடிச்சட்டமான சேசியின் மேல் முகம் பார்க்கும்படி பளபளக்கிற தகடு. இன்று அதன் மேல்தான் அவன் படுத்திருந்தான்.

கம்பெனி கொடுத்த நீளம் போதவில்லை என்று சேசியை நடுவில் வெட்டி இரும்பு சேர்த்தான். அயோவாக்காரன் ஒருவனுடைய வண்டி இதைவிட நீளம் என்று லாரிக் கண்காட்சியில் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்து, மறுபடியும் வெட்டினான். வண்டி நீள நீள, அது திரும்ப இடம் வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் திரும்பவில்லை என்று லவோனின் லைலாக் பூச்செடி போயிற்று. பிறகு துணி காயப்போடுகிற கம்பி போயிற்று. ஊர் பங்க்கில் நுழைய முடியாமல் நெடுஞ்சாலை வரை போய் டீசல் போட்டுக்கொண்டு வந்தான். அதை ஒருவனும் குறையாகச் சொன்னதில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ரோண்டா பிறப்பதற்கு முன்னால் லவோனும் லாரி ஓட்டியவள்தான். ஒரு பழைய வண்டியில் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டி கன்சாஸுக்கும் டெக்ஸஸுக்கும் மாடு கொண்டுபோவார்கள். இந்தக் கத்தரிப்பூ வண்டி வந்த பிறகு வெர்லின் அவளை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. “கிளட்ச் ஒரு தினுசா இருக்கும், உனக்கு ஒத்து வராது” என்பான். அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். சிரித்ததுதான் தப்பு என்று பின்னால் சில நாள் தோன்றியதுண்டு.

நுரையீரல் கெட்டுப் படுத்தபோது முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போடச் சொன்னான், அங்கிருந்து ஷெட் தெரியும் என்று. பார்க்க வருகிறவர்கள் கட்டிலருகே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நெளிவார்கள். “நல்லாத்தான்டா இருக்க” என்று கூசாமல் சொல்வார்கள். அப்புறம் “வண்டியை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்” என்று போகிறவன் ஷெட்டிலேயே ஒரு மணி நேரம் இருப்பான். லவோன் காப்பி போட்டாள், ஆக்சிஜன் குழாயைக் கழுவினாள், படுக்கை விரிப்பை மாற்றினாள், மறுபடியும் காப்பி போட்டாள். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இரண்டு வருஷத்து அசதி அவள் எலும்பில் இறங்கியிருந்தது. அவன் போன அன்று அவள் அழவில்லை. உடுத்தின உடையோடு சோபாவில் படுத்துப் பகல் முழுவதும் தூங்கினாள்.

போவதற்குச் சில நாள் முன்னால் ஒரு மத்தியானம் அவன் கேட்டான்.

“என்னைச் சவம் ஏத்தற அந்தக் கறுப்புக் கார்ல ஏத்தி அனுப்பிடாத லவோன்.”

“சரி.”

“என் வண்டியிலயே கொண்டு போ. குழி வரைக்கும்.”

“கல்லறை வாசல்ல எறக்கித் தூக்கிட்டுப் போறதுதானே வழக்கம்?”

“அதான் வேணாங்கறேன். ஏத்தின லோடை நடுவழியில எறக்கி எவன் கையிலயாவது குடுத்திருக்கேனா நான்? பட்டி வரைக்கும் கொண்டு போய் விட்டாத்தான் நம்ம வேலை முடிஞ்சுது. குழி வரைக்கும்னு சொல்லு.”

“குழி வரைக்கும்” என்றாள்.

அவளிடம் அவன் கடைசியாகக் கேட்டு வாங்கியது அந்த ஒன்றுதான்.

ஒருவழியாகக் கிளம்பினார்கள். லைல் ஓட்ட, பின்னால் ரோண்டாவின் காரில் லவோன், அதற்கும் பின்னால் நாலு மாநிலங்களிலிருந்து வந்த லாரிகள். சிவப்பு, வெள்ளை, சோளக்கதிர் மஞ்சள். ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை. வயல்களில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வெர்லினுக்கா வண்டிகளுக்கா என்று சொல்ல முடியாது. இவ்வளவு பேர் வந்தது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன.

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டி நின்றது. பின்வாங்கியது. மறுபடியும் முன்னால் போய் நின்றது. லைல் இறங்கி வாசலைப் பார்த்தான். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் தூண்கள், ஊரை உண்டாக்கினவர்கள் குதிரை வண்டிக்கு அளந்து நட்டவை. சாலையோ குறுகல், அந்தப் பக்கம் மழைநீர்ப் பள்ளம். இங்கே திரும்பி அங்கே நுழைய வேண்டும்.

பின்னாலிருந்த வண்டிகளிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஒருவன் அளவு நாடா எடுத்தான். படுத்துப் பார்த்தார்கள், எட்டிப் பார்த்தார்கள். லவோன் காரிலிருந்து இறங்கி வந்தபோது லைல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

“என்ன?”

“திரும்பாது போலிருக்கு.”

“ரெண்டு நாளா எல்லாருமா சேந்து என்ன பண்ணீங்க?”

“பாலிஷ் போட்டோம்” என்றான் லைல்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இத்தனை பேருக்கும் அந்த வண்டியின் நீளம் அங்குலச் சுத்தமாகத் தெரியும். வாசலை அளக்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

“பக்கத்து வயல் வழியா விட்டா?” என்றாள் ரோண்டா.

“பனி உருகின மண்ணும்மா. அச்சு வரைக்கும் எறங்கிடும். அப்புறம் வண்டிக்கும் இங்கயே ஒரு குழி வெட்டணும்” என்றான் லைல்.

சவ அடக்க நிறுவனத்து ஆள் மெல்ல முன்னால் வந்தான். “எங்க கார் பின்னாலதான் நிக்குது. மாத்திடலாம், அஞ்சு நிமிஷ வேலை.”

“இல்லைன்னா தோள்ல தூக்கிட்டுப் போறோம். அதுவும் மரியாதைதான்” என்றான் இன்னொருவன். அவன் இரண்டு முழங்காலிலும் அறுவை செய்துகொண்டவன்.

பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் கையை மடக்கிக்கொண்டார்.

லவோன் தூணைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். ஓட்டினவளுக்கு அது தெரியாதா. “உள்ள போயிடும் லைல். நீ போகாதுன்னு சொல்லலை. திரும்பாதுன்னுதான் சொன்ன.”

லைல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “போகும். வலது பக்கத்தைத் தூணோட தேச்சுக்கிட்டுத்தான் போகும். டேங்க், விளக்கு, மட்கார்டு, எல்லாம் போயிடும்.”

“வண்டி குழி வரைக்கும் போகும்ல?”

“லவோன், அந்த மட்கார்டை நான் என் கையால தட்டி எடுத்தேன். ஒரு குளிர்காலம் பூரா. ஜூன் மாசக் கண்காட்சியில வண்டியை அவன் பேர்ல நிறுத்தணும்னு எல்லாரும் பேசி வச்சிருக்கோம். முன்னால அவன் போட்டோ வச்சு…”

“எங்கிட்ட யாரும் சொல்லலையே.”

“சொல்லணும்னுதான் இருந்தோம்.”

“நீ ஓட்டு. தேயட்டும்.”

“என்னால முடியாது” என்றான் லைல். “வெர்லின் என்னைக் கொன்னு போட்டுருவான்.”

“அவன் செத்துட்டான் லைல்.”

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆண்கள் இப்படியே நின்று யோசித்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும் என்று லவோனுக்குத் தெரிந்தது. யாரிடமும் இன்னொரு வார்த்தை பேச அவளுக்குத் தெம்பில்லை. கைப்பையை மகளிடம் கொடுத்தாள். குதிகால் செருப்பைக் கழற்றிச் சரளை மேல் வைத்துவிட்டு, காலுறையோடு சேற்றில் நடந்து போய், கைப்பிடியைப் பற்றி ஏறினாள். முழங்கால் நொடித்தது. ஒருவன் கை கொடுக்க வந்தான், வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“அம்மா, வேணாம்மா” என்றாள் ரோண்டா.

“எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லு.”

இருக்கை லைலின் உயரத்துக்கு இருந்தது. முன்னால் இழுத்துத் தாழ்த்திக்கொண்டாள். கேபினுக்குள் வெர்லினின் இருமல் மிட்டாய் நெடி. கிளட்சை மிதித்தாள். பழைய வண்டிக் கிளட்ச் எப்படியோ அப்படியேதான் இருந்தது. ஒரு தினுசும் இல்லை. பொய்யன் என்று நினைத்தாள்.

சாலையின் அந்தக் கடைசி விளிம்பு வரை மூக்கை விட்டு, ஒடித்து, முன்னால் எடுத்தாள். பம்பர் இடதுபக்கத் தூணை விலகிப் போயிற்று. கேபின் போயிற்று. அப்புறம் சத்தம் வந்தது. முதலில் டீசல் டேங்க், நீளமாக, பல் கூசுகிற மாதிரி. பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக உடைந்தன. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். லைல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். பலர் தொப்பியை நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். நடுவில் நிறுத்தினால் மாட்டிக்கொள்ளும், நிறுத்தக் கூடாது. கடைசியில் மட்கார்டு மடங்கி, தகரம் கிழிகிற மாதிரி ஓர் ஓசையோடு தூணை விட்டது. வண்டி உள்ளே இருந்தது.

மேட்டில் ஏறக் கியர் மாற்ற வேண்டியிருந்தது. கை தானாகவே மெல்லத் தள்ளியது, வண்டி துளிக்கூடக் குலுங்காமல். ஏன் இப்படிப் பூப்போலத் தள்ளுகிறோம் என்று அவளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தக் காலத்தில் அவள் ஓட்டும்போது அவன் இருக்கைக்குப் பின்னால் படுத்துத் தூங்குவான். வேறு யார் ஓட்டினாலும் அவனுக்குத் தூக்கம் வராது. அவன் முழித்துக்கொள்ளாமல் கியர் மாற்ற அவள் அப்போது பழகியிருந்தாள். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் மறுபடியும் அவள் முன்னால், அவன் பின்னால். கண்ணைத் துடைக்கவில்லை, சாலையைப் பார்க்க வேண்டியிருந்தது.

குழியருகே வந்து பிரேக் பெடலை அழுத்தினாள். வண்டி நின்றது. சிடார் மரத்தடியில் விரித்திருந்த பச்சை விரிப்பு, மடக்கு நாற்காலிகள், ஈர மண் குவியல். பாஸ்டர் மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆண்கள். யாரும் வண்டியின் வலது பக்கமாக வரவில்லை.

லைல் கதவருகே வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. டாஷ்போர்டில் இருந்த கை பிரேக்கின் மஞ்சள் குமிழைக் காட்டினான்.

“பிரேக்கை இழுத்துப் போட்டுட்டு எறங்கு லவோன். எறக்கணும்ல அவனை.”

அவள் குமிழைப் பார்த்தாள். அதை இழுத்தால் காற்று சீறிக்கொண்டு வெளியேறும், வண்டியே ஒரு தரம் அதிரும். அந்தப் பழைய வண்டியில் எடை மேடை வரிசையிலும் ரயில் கேட்டிலும் அவள் அதை இழுத்ததே கிடையாது, அவன் எழுந்துவிடுவான் என்று.

“நீங்க எறக்குங்க. நான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“ரொம்ப நேரமாகும். கால் மரத்துப் போயிடும்.”

“பரவால்ல.”

லைல் பின்பக்கம் போனான். பட்டைகளை அவிழ்த்தார்கள். மேகம் மூடிய மத்தியானம். வண்டியின் பின்னால் வரிசையாக பிரேக் விளக்குகள் எரிந்தன, பெட்டியைத் தூக்கினவர்களின் வெள்ளைச் சட்டைகள் சிவப்பாகத் தெரிந்தன. பெட்டி குழிக்குள் இறங்கி, பாஸ்டர் படித்து முடித்து, முதல் பிடி மண் விழுந்த பிறகும் அந்த விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.